கழுவாத முப்பத்தாறு படங்கள்

"பரண்ல ஏறி என்ன பண்றீங்க? விழுந்து வெச்சா யாரு பார்க்கிறது?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தபோது, புரூஃப் சார் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, கையில் ஒரு சின்னக் கறுப்பு டப்பாவோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"பூதக்கண்ணாடி தேடறேன்!"

பொய் இல்லை. அச்சகத்தில் அவர் மேஜைக்கு வந்திருந்த புத்தகத்தின் அடிக்குறிப்புகள் அவ்வளவு பொடி எழுத்து. குவாண்டம் இயற்பியல் பற்றிய புத்தகம். சாமானியருக்கும் புரியும்படி எழுதியதாக முன்னுரையில் போட்டிருந்தது. புரூஃப் சார் மூன்று முறை மெய்ப்புப் பார்த்துவிட்டார். நானூறு எழுத்துப் பிழைகளைப் பிடித்தார். விஷயம் மட்டும் பிடிபடவில்லை.

பூதக்கண்ணாடிக்காகப் பழைய கேமரா பையைத் துழாவப்போய், அதன் பக்கவாட்டு அறையில் இந்த டப்பா அகப்பட்டது. உள்ளே ஃபிலிம் ரோல். கழுவாதது.

இந்தக் காலத்தில் ஒரு காபி குடிப்பதற்குள் நாற்பது படம் எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு ரோலுக்கு முப்பத்தாறே படம். எண்ணி எண்ணி எடுக்க வேண்டும். கண்ணை மூடினால் மூடினதுதான். ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்து, உறையைக் கடை வாசலிலேயே பிரித்துப் பார்ப்போமே, அந்தப் படபடப்பு இருக்கிறதே, அடடா!

அந்த ரோல் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் மாமனாரோடு கடற்கரைக்குப் போன நாள். மாமனார் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். முகத்திலும் யாரோ ஒரு முத்திரை குத்திவிட்ட மாதிரிதான் எப்போதும் இருப்பார். அன்றைக்குக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். அலை வந்து ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனது. மனுஷர் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்போடு நின்று சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்தில் நின்ற பெற்ற மகளே அதுவரை பார்த்ததில்லை. புரூஃப் சார் படபடவென்று முப்பத்தாறையும் எடுத்துத் தீர்த்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது ரோலைக் காணோம். பஸ்ஸில் விட்டுவிட்டோம் என்று நினைத்தார். சொன்னால் மனைவி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாளே என்று பயந்து, "ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுப்போச்சாம். ஒண்ணுமே விழலைன்னு ஸ்டுடியோக்காரர் சொல்லிட்டார்" என்று அளந்துவிட்டார். நாற்பதாம் நாள் மாமனார் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பொய்யைத் திரும்ப வாங்க முடியுமா?

வீட்டில் மாமனாரின் படம் ஒன்றே ஒன்று. அலுவலக அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதைத் துடைக்கும்போதெல்லாம் மனைவி சொல்வாள்: "அப்பா சிரிச்சா எப்படி இருப்பார்னு வரவர மறந்துக்கிட்டே வருதுங்க."

அந்தச் சிரிப்பு இப்போது இவர் கைக்குள் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை மாமனாரின் நினைவு நாள். கழுவிக் கொடுத்தால் அவளுக்கு அப்பா கிடைப்பார். கூடவே, இருபத்து நான்கு வருஷம் புளுகிய புருஷனும் கிடைப்பான். அவர் டப்பாவை மதியச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார்.

"இதுல படம் இருக்கா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் பைண்டர். கை நிறையப் பசையோடு டப்பாவைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"கழுவினாத்தான் தெரியும். அதுவரைக்கும் இருக்குன்னும் சொல்லலாம், இல்லைன்னும் சொல்லலாம்." சொன்ன பிறகுதான் புரூஃப் சாருக்கே தூக்கிவாரிப்போட்டது. "அடடே! நாலாவது அத்தியாயம்! பெட்டிக்குள்ள பூனை! பார்க்கிற வரைக்கும் உசிரோடவும் இருக்கு, செத்தும் இருக்கு!"

"இதுக்கா முந்நூறு பக்கம்?" என்றாள் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் டி.டி.பி. அக்கா. "எங்க வீட்டுப் பால்கூட அப்படித்தான். பார்த்துக்கிட்டே நின்னா பொங்காது. இந்தப் பக்கம் திரும்பினா அடுப்பெல்லாம் பால்."

"எங்க மாப்பிள்ளையும் அப்படித்தான்" என்றார் பைண்டர். "போன் பண்ணாத வரைக்கும் வேலைக்குப் போறார். பண்ணினா வீட்ல படுத்திருக்கார்."

"சிரிக்காதீங்கய்யா. நான் என்ன பண்ணட்டும்?"

"பேசாம ரோலை இங்கேயே மேஜைல வையுங்க. சனிக்கிழமைக்குள்ள யோசிக்கலாம்" என்றாள் அக்கா.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், பரணிலிருந்த அத்தனை சாமானும் கூடத்தில் கிடந்தது. நடுவில் மனைவி, தலையெல்லாம் ஒட்டடை. கண் சிவந்திருந்தது.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லை. சுத்தம் பண்றேன்."

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"தூசி." கேமரா பை அவள் மடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "பரண்ல எதையாவது எடுத்தீங்களா?"

புரூஃப் சார் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டார். "பூதக்கண்ணாடி மட்டுந்தான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சாப்பாடு மேஜையில் டொக்கென்று வந்து விழுந்தது. கேமராவைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று இவராக முடிவு கட்டினார். கூடவே இன்னொரு பயமும் வந்தது. அந்தப் பையில் ஒரு டப்பா இருந்ததென்று அவளுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தால்?

மறுநாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பைண்டர் பிரமாதமாக ஒரு யோசனை சொன்னார். "எங்க வீட்லயும் அந்தக் காலத்து ரோல் ஒண்ணு கிடக்கு, அச்சு அசல் இதே டப்பா. அதைப் பையில வெச்சிருங்க. உள்ளே என்ன இருக்குன்னு யாரு பார்க்கப்போறாங்க?"

"பார்க்காத வரைக்கும் இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று புத்தகத்தையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டார் புரூஃப் சார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பா பைக்குள் போனது. மறுநாள் காலை மனைவி முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். "இன்னைக்கு அப்பா நாள்" என்றாள். "ஞாபகம் இருக்கு" என்றார் இவர். மனசு உறுத்தியது. இருந்தாலும் ஒரு கண்டம் தப்பியது என்று அச்சகத்துக்குப் போனார்.

அங்கே பைண்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி.

"சார், அந்த ரோலை உடனே திருப்பிக் குடுங்க. அதுல என்ன இருக்குன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"என்ன இருக்கு?"

"நானும் எங்க மாமா பொண்ணும். பூங்காவுல."

"உங்க வீட்டம்மாவே மாமா பொண்ணுதானே? அதுல என்ன?"

"அவ சின்ன மாமா பொண்ணு சார். இது பெரிய மாமா பொண்ணு!"

டி.டி.பி. அக்கா நாற்காலியோடு திரும்பிவிட்டாள். "உங்க வீட்டம்மாவும் புரூஃப் சார் வீட்டம்மாவும் ஒரே தையல் வகுப்புல்ல?"

"அதைத்தானே நானும் சொல்றேன்! ஒண்ணைத் தொட்டா எங்கேயோ இருக்கிற இன்னொண்ணு ஆடும்னு அந்தப் புத்தகத்துல இருக்குன்னீங்களே சார். அங்கே டப்பா திறந்தா இங்கே என் குடும்பம் ஆடும்!"

புரூஃப் சார் வீட்டுக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. சாவி போட்டுத் திறந்து, ஏணியேறி, கேமரா பையைக் கவிழ்த்தார். டப்பா இல்லை. எடுத்துவிட்டாள். அப்பா என்று நினைத்து, பைண்டரையும் பெரிய மாமா பெண்ணையும் கழுவக் கொண்டு போய்விட்டாள்!

அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே வலித்தது. அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயம் போய்விட்டது. ஸ்டுடியோ வாசலில் நின்று உறையைப் பிரித்து, அப்பாவின் சிரிப்பைத் தேடப்போகிறாள். உள்ளே யாரோ இரண்டு பேர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் முகம் எப்படி வாடும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. திட்டினால் திட்டட்டும். பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். அவள் அப்பா அவளுக்குக் கிடைக்க வேண்டும். அச்சகத்துக்குத் திரும்பி ஓடி, மேஜை இழுப்பறையிலிருந்து நிஜ ரோலை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஸ்டுடியோவில் போய் விழுந்தார்.

இப்போது அங்கே கடவுச்சீட்டுப் படமும் கோப்பையில் முகம் அச்சடிப்பதும்தான். பழைய ஸ்டுடியோக்காரர் மட்டும் மூலையில் உட்கார்ந்து, நல்ல காலமாக இருட்டறையை இன்னும் விடாமல் வைத்திருந்தார்.

"எங்க வீட்ல வந்தாங்களா?"

"இப்பத்தான் போறாங்க."

"ரோலைக் கழுவிட்டீங்களா? ஐயா, கழுவாதீங்க! அது பைண்டரோடது! இதுதான் நிஜம். இதைக் கழுவுங்க. அன்னைக்கு நீங்க கெட்டுப்போச்சுன்னு சொன்னதா உங்க மேல பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க. அவகிட்டயும் நானே சொல்லிடறேன். எனக்கு அந்த ஒரு சிரிப்பு வேணும், அவ்வளவுதான்."

ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, வேறெதையாவது அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"முதல்ல உக்காருங்க. பழி போட்டீங்களே, அந்த வாரமே உங்க வீட்டம்மா என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க. ரோலே வரலைம்மான்னேன். வீட்டுக்குப் போய்ப் பையைத் தேடி, அவங்களே கண்டுபிடிச்சாங்க."

"அப்போ இருபத்து நாலு வருஷமா அவளுக்குத் தெரியுமா?" உட்கார்ந்த புரூஃப் சார் எழுந்துவிட்டார். "பின்னே ஏன் கழுவலை?"

"வருஷா வருஷம் இதே நாள்ல எடுத்துட்டு வந்து, 'இன்னும் கெட்டிருக்காதுல்ல?'ன்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவாங்க. இன்னைக்கும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை கழுவித் தரட்டுமான்னு கேட்டேன் சார். 'வேண்டாங்க, எங்க வீட்டுக்காரர் படம் எடுத்தா யாருக்குமே தலை இருக்காது, கழுவாத வரைக்குந்தான் எங்கப்பா முழுசா சிரிச்சுக்கிட்டிருப்பார்'னுட்டாங்க."