கடைசி வரை கேட்ட மதலேனம்மாள்

“கலைச்சிருவோம்வே! கேக்க ஒரு ஆளில்லாத சங்கத்துக்கு சீலு எதுக்கு, லெட்டர்பேடு எதுக்கு?”

தலைவர் கோபிநாத்தின் சத்தம் மாடியிலிருந்து கீழே ஏலக்காய்க் கடை வரைக்கும் கேட்டது. குமுளி எழுத்தாளர் சங்கம் கொரோனாவுக்குப் பிறகு கூடிய முதல் கூட்டம் அது. வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் கவிதையோடு வந்திருந்தார்கள். கேட்க மட்டும் வந்தவர் யாருமில்லை.

“ஆளில்லேன்னு சொல்லாதீய தலைவரே,” என்றார் செயலாளர் மத்தியாஸ். பதினெட்டு வருடமாகச் சங்கத்தைத் தோளில் தூக்கி அலைபவர். “மதலேனம்மாள் இருக்காவ.”

“அது யாரு?”

“ஊரடங்குல தினமும் சாயங்காலம் போன்ல கவியரங்கம் நடத்துனோம்லா? எட்டு மாசமும் கடைசி வரைக்கும் இருந்தது அந்தம்மா மட்டுந்தான். எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து எடுக்காவ. நீங்களே உங்க கவிதை முடிஞ்சதும் கட் பண்ணிட்டுப் போயிருவீய.”

கோபிநாத் தொண்டையைச் செருமினார். “சரிவே. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாரும். நம்ம சங்கத்தால ஒரு பிரயோஜனம் உண்டுன்னு அவுக வாயால சொல்லட்டும். இல்லேன்னா அன்னைக்கே கலைச்சிருவோம்.”

மத்தியாஸ் உடனே போன் போட்டார்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார்,” என்றார் மதலேனம்மாள். “நீங்க மீட்டிங்க நிப்பாட்டுன நாள்லேர்ந்து நாங்க படாத பாடு படுதோம்.”

மத்தியாசுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு நேரே பிளெக்ஸ் கடைக்குப் போனார். ‘தமிழ் கேளாமல் தவித்த தாய்க்குப் பாராட்டு விழா!’ பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் ஏறியதும் பஞ்சாயத்து மெம்பர் வருவதாகச் சொன்னார். மெம்பர் வந்தால் மாடி போதாதே என்று மத்தியாஸ் சர்ச் ஹாலைக் கேட்டு வாங்கினார். ஹால் நிறைய வேண்டுமே என்று பிரியாணி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய மதலேனம்மாளை மத்தியாஸ் ஓரமாக அழைத்துப் போனார்.

“எந்தக் கவிதை ரொம்பப் புடிச்சுதுன்னு சொல்லுதீயளாம்மா?”

“கவிதையா? அதெல்லாம் யாரு சார் கவனிச்சா?”

மத்தியாசுக்கு வேர்த்துக் கொட்டியது. “பிரயோஜனமா இருந்துச்சுன்னு மட்டுமாவது...”

“அதச் சொல்லத்தான சார் வந்திருக்கேன்!”

மேடையேறிய மதலேனம்மாள், போர்த்திவிட்ட பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “இவுக மீட்டிங்கால எங்க எஸ்டேட் லயத்து வீடுகளுக்கே பெரிய பிரயோஜனம்.”

கைதட்டல் அதிர்ந்தது. மத்தியாசுக்கு உயிர் திரும்பி வந்தது.

“பொழுது சாஞ்சா கப்பைக்கிழங்கத் தோண்ட காட்டுப்பன்னி இறங்கிரும். நான் போனை ஸ்பீக்கர்ல போட்டு தோட்டத்து மரத்துல கட்டி விட்டுருவேன். தலைவர் சார் வாயத் தொறந்தாருன்னா ஒரு பன்னி நிக்காது!”

ஹாலே வெடித்துச் சிரித்தது. கோபிநாத் எழுந்தார். எல்லோரும் அடங்கினார்கள்.

“பிரயோஜனம் இருக்குவே,” என்றார் கம்பீரமாக. “சங்கம் நடக்கட்டும்.”

மத்தியாசுக்கு மனசு கேட்கவில்லை. மேடைப் பக்கம் போய் மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, நான் வாசிக்கும்போதும் ஓடிருமா?”

மைக் அணைக்கப்படவில்லை.

“இல்ல சார். உங்க கவிதைக்கு மட்டும் பன்னி அத்தனையும் அசையாம நின்னு கேக்கும். முடிஞ்ச பொறவுதான் கிழங்கத் தோண்டும்.”

அடுத்த கூட்டத்தில் மத்தியாஸ் கவிதை வாசிக்கலாமா, கூடாதா? கதையைப் படித்தவர்கள் தயவுசெய்து கீழே ஒரு வரி பதில் போடுங்கள். மனுஷன் காத்திருக்கிறார்.