வெள்ளிக்கிழமை மட்டும் வராத பாறை

காலை 10.40. திரையில் முதலில் தெரிந்தது ஒரு நீலப் பட்டை. உவரிக்கு எதிரே, கடலுக்கு அடியில், கரைக்கு இணையாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான். அதற்கு என் பெயரையே வைக்கலாமா என்று யோசித்தவனும் நான்தான். (அடக்கம் கருதி ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.)

இடம், திருநெல்வேலியில் ஒரு கல்லூரி. எதிரே என் வழிகாட்டிப் பேராசிரியரும் வெளியூரிலிருந்து வந்த இரண்டு நிபுணர்களும். என் ஆராய்ச்சி உதவித்தொகையை நீட்டிப்பதா நிறுத்துவதா என்பதை அன்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். நிறுத்தினால் ஆராய்ச்சி அதோடு சரி.

படகின் பின்னால் காந்தமானியை இழுத்துச் சென்றால், கடலடிப் பாறைக்கு ஏற்ப அளவு மாறும். ஆனால் பூமியின் காந்தப்புலம் பகலில் தானாகவும் ஏறி இறங்கும். எங்கள் பகுதியில் நண்பகலில் அதிகம். அதனால் கரையில் இன்னொரு காந்தமானி அசையாமல் நிற்கும். கரையில் கூடியதைக் கடல் அளவிலிருந்து கழித்தால், மிஞ்சுவது பாறை. திங்கள் முதல் சனி வரை, தினமும் விடிந்ததும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒரே வேகத்தில் கடலுக்குள் நேராகப் போனோம். நாளுக்கு ஒரு கோடு.

கரைக் கருவிக்குக் காவல் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். வளைகுடா வேலை ஒன்று முடிந்து, அடுத்த விசா வரும்வரை திசையன்விளையில் சும்மா இருந்தார். கருவிக்குப் பக்கத்தில் இரும்பு கூடாது என்று அவருக்குத் தனி வகுப்பே எடுத்திருந்தேன்.

அந்த நீலப் பட்டை, எரிமலைக் குழம்பு பிளவில் ஏறி உறைந்த பாறைச் சுவர் என்று நிபுணர்களிடம் விளக்கினேன்.

"ஈர்ப்புத் தரவுல ஒண்ணையும் காணலியே வே?" என்றார் பேராசிரியர்.

செயற்கைக்கோள்கள் தந்த புவியீர்ப்புத் தரவு, அங்கே எதுவும் இல்லை என்றுதான் சொன்னது. அதற்கு அவ்வளவு நுட்பம் போதாது என்றேன்.

"சரி. இந்த ஒரு கோட்டுல மட்டும் ஏன் அறுந்து கெடக்கு?"

"அங்கன குறுக்கா ஒரு பிளவு ஓடுது சார்." (அந்தப் பிளவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதத் தொடங்கியிருந்தேன்.)

"அந்தக் கோடு என்னைக்கு எடுத்தது?"

பார்த்தேன். "வெள்ளிக்கிழமை சார்."

"மத்த கோட்டுல பாறை எத்தனை மணிக்கு வருது?"

அதையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு மணி வாக்கில்.

"தெனமும் மத்தியானம் வருது. வெள்ளிக்கிழமை மட்டும் வரல. பாறைக்கு வெரதமா வே?"

நிபுணர்கள் சிரிக்கவில்லை.

கரை அளவைக் கழிக்காத கடல் அளவைத் திரையில் போடச் சொன்னார் பேராசிரியர். சுவர் இல்லை. கரை அளவைப் போடச் சொன்னார். சுவர் அங்கே இருந்தது.

"கரையில யாரு?"

"எங்க அத்தான் சார்."

"போனைப் போடு. ஸ்பீக்கர்ல."

"சொல்லு மாப்ளே!" என்றார் அத்தான், அறை முழுவதற்கும்.

"அத்தான், மத்தியானம் கருவிகிட்ட இரும்பு ஏதும் இருந்துச்சா?"

"கிட்ட விடுவனா? பெல்ட்டு, வாட்சு, சாவி அம்புட்டும் வேப்பமரத்தடியில கழத்தி வச்சிருந்தேன். ஒங்க அக்கா சோறு கொண்டாரும்போதுகூட வண்டிய தூரத்துல நிப்பாட்டிட்டு நடந்துதான் வந்தா. சோத்துப் பை மட்டும் ஒன் கருவி கம்புல தொங்குச்சு. கீழ வச்சா எறும்பு ஏறுதுல்லா?"

"பையில என்ன?"

"சாள மீன் கொழம்பு."

"வேற?"

"ஒரு பாக்குவெட்டி. உச்சி வேளையில மீனை வெளிய கொண்டு போனா வாசத்துக்குப் பேய் வரும்லா? இரும்பு போடாம ஒங்க அக்கா அனுப்பவே மாட்டா."

பேராசிரியர் போன் பக்கம் குனிந்தார். "வெள்ளிக்கிழமை போடலியோ?"

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல சாம்பாருல்லா சார். சாம்பாருக்கு எந்தப் பேய் வரும்?"

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். வராந்தாவில், என் பெயரை வைக்காமல் விட்டது நல்லதாயிற்று என்ற ஒன்றைத் தவிர ஆறுதல் எதுவும் தோன்றவில்லை. பிறகு முடிவைச் சொன்னார்கள். ஆறு மாதம் நீட்டிப்பு. காந்த அளவீடு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும்.

அக்காவிடம் போய், பாக்குவெட்டி இல்லாமல் மீன் அனுப்பக் கேட்டேன்.

"பேய் அடிச்சா ஒங்க சாரு வந்து மந்திரிப்பாராலே?" என்றாள்.

பையை மரத்தில் தொங்கவிடச் சொல்கிறேன் என்று பேராசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த மரத்துலன்னு நான் கண்டேனா?" என்று அதையும் மறுத்துவிட்டார்.

இன்றும் அக்கா வீட்டில் மீன் பரிமாறும்போது, அத்தான் அந்தப் பாக்குவெட்டியை என் இலைக்குப் பக்கத்தில் வைத்து, "பாறை வந்துட்டா மாப்ளே?" என்று கேட்பார். இரண்டாம் முறை அளந்தபோது அங்கே பாறை இல்லை. ஈர்ப்புத் தரவு சொன்னது சரி.

இரண்டாம் முறை எடுத்த ஆறு கோடுகளும் ஆறு வெள்ளிக்கிழமைகளில் எடுக்கப்பட்டவை.