டிக்கியில் மாமனாரின் துப்பாக்கி

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கிற ஆள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போலீஸ் கையில் சிக்கியதும் அந்தக் குணத்தால்தான்.

அப்போது கல்யாணமாகி நான்கு மாதம். வல்லத்துப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) போடும் என் மாமனாரிடம், காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி உண்டு. தேர்தல் அறிவித்துவிட்டால் அதைச் செஞ்சி டவுன் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அன்று கடைசி நாள், ஐந்து மணிக்குள். தவறினால் லைசென்ஸே போய்விடும், அப்புறம் மல்லாட்டை முழுக்கப் பன்றிக்குத்தான் என்று கவலைப்பட்டார்.

"பஸ்ஸுலயே எடுத்துனு போயிடறேன் மாப்ள," என்றார். விடுவேனா? என்னிடம் புதுக் கார் இருந்தது. செல்போனில் விதிகளையெல்லாம் வேறு படித்திருந்தேன். உள்ளே தோட்டா இல்லை என்று அவரைத் திறந்து காட்டச் சொல்லி, உறையில் போட்டு, டிக்கியில் வைத்துப் பூட்டினேன். தோட்டாக்களைத் தனியாக என் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து, முன் சீட்டில் வைத்து சீட் பெல்ட்டும் மாட்டினேன். (சிரிக்காதீர்கள்.) அதனால் மாமனாருக்குப் பின் சீட்.

வழியில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தினேன். கிளம்பும்போது டிக்கியை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன், வண்டியை எடுத்தேன். "எல்லாத்தையும் சட்டப்படி செஞ்சா எதுக்கும் பயப்பட வேணாம் மாமா," என்று கோட்டை மலை தெரியும்வரை உபதேசம் செய்துகொண்டே வந்தேன். அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாததில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஊருக்குள் நுழையும் முன் தேர்தல் பறக்கும் படை மறித்தது.

"டிக்கில இன்னா சார்?"

"துப்பாக்கி."

நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள்.

"யாருது?"

"மாமாவுது சார். பின்னாடிதான் உக்காந்திருக்காரு. லைசென்ஸ் அவரு பையில இருக்குது."

அதிகாரி குனிந்து பார்த்தார். பின் சீட்டில் மாமனாரின் துண்டும் செல்போனும் மட்டும் இருந்தன.

"தோட்டா எங்க?"

"சாப்பாட்டு டப்பாவுல சார்."

காற்றடித்த இடத்தில் மாமனார் ஒதுங்கப் போயிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கி வேறு, தோட்டா வேறு என்று பிரித்த வேகத்தில் சொந்தக்காரரையும் பிரித்துவிட்டேன். மணி நாலே கால். என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். ஜெயிலைவிட மனைவியை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு யாருடைய மொபெட்டிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார் மாமனார். லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"இவரு யாரு பெரியவரே?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். அவசரமே படவில்லை.

"எங்க மாப்ளதான் சார். ரொம்ப ஜாக்கிரதையான ஆளு."

எல்லாவற்றையும் சரிபார்த்து விட்டுவிட்டார்கள். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது துப்பாக்கியை ஒப்படைத்தோம்.

இன்றுவரை கோயிலுக்குக் கிளம்பினாலும் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும், தலைகளை எண்ணாமல் என் மனைவி காரை எடுக்க விடுவதில்லை. மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு என் தோளைத் தட்டுவார்.

"லைசென்ஸ் ஏறிடுச்சி மாப்ள. இப்ப எடுங்க."