கதவைத் திறக்காத ரை அண்ணை

தான் செய்வது சரியா என்ற சந்தேகம் வாழ்நாளில் ஒருதரம்கூட வராத ஒரு மனிதர் கனடாவின் மொன்றியல் நகரத்தில் இருந்தார் என்றால் அது ரை அண்ணைதான். உலகத்து அநியாயங்கள் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து இருந்தது: கழுத்தில் ஒரு ரை, அதுதான் கழுத்துப்பட்டி. வேலை கிடைக்கவில்லையா, ரை கட்டு. வீட்டுக்காரன் வாடகைக்கு வீடு தரமாட்டேன் என்கிறானா, ரை கட்டு. மூச்சு முட்டுகிறது என்று ஒருவன் சொன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் பகுதியில் வேலை செய்தேன். அங்கே அவர் எங்கள் சுப்பர்வைசர். அமெரிக்காவில் பிறந்து படித்து, கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்துசேர்ந்த கறுப்பின மனிதர். தலைக்கு வலை, வாய்க்கு மூடி, மேலே வெள்ளை அங்கி என்று எல்லோரும் ஒரே கோலத்தில் நிற்கிற இடத்தில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் அங்கிக்குள்ளே ரை கட்டிக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பகுதியில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். பெயர் தானாக வந்தது. அதை ஏதோ தமிழ்ப் பட்டம் என்று எண்ணி, புதிதாக வருகிற தமிழர்களிடம் “நான்தான் ரை அண்ணை” என்று பெருமையாகக் கை கொடுப்பார். கையா அது, இடுக்கி.

அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவருடைய அதிகாரத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

படிக்கிற காலத்தில் அவர் கறுப்பின மாணவர்களின் சகோதரர் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படிச் சங்கங்கள் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் சாகும்வரை சகோதரன். எங்களுடைய பழைய மாணவர் சங்கங்கள் வருடத்தில் ஒருநாள் கூடி, கொத்துரொட்டி சாப்பிட்டு, சண்டை பிடித்துக் கலைந்துவிடும். இவர்கள் கலைவதே இல்லை. மோதிரம், பாட்டு, இரகசியக் கைகுலுக்கல் எல்லாம் உண்டு. வயிறு வைத்த பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டதும் தோளால் இடித்துக் கூவுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மொன்றியல் கிளை முழுவதையும் ஒரு வான் வண்டிக்குள் ஏற்றிவிடலாம், ஆனால் ஆளுக்கு இரண்டு பதவி. ரை அண்ணை விதிகளுக்குப் பொறுப்பானவர். விதிகளை எழுதியவரும் அவரே.

கறுப்பின இளைஞர்களைச் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டிப் பாடம் சொல்லிக்கொடுத்து, வழிகாட்டி, வருட முடிவில் ஒருவருக்குப் படிப்புக்கு உதவித்தொகை கொடுப்பது அந்தக் கிளையின் திட்டம். என் கெட்ட காலம், அதற்கு ஒரு கணக்கு வாத்தியார் தேவைப்பட்டார்.

“நீர் தமிழன்தானே?” என்றார் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில்.

“ஓம்.”

“அப்ப கணக்குத் தெரியும். சனிக்கிழமை வாரும்.”

தங்கள் பிள்ளைகளைப் பற்றி ஊர் வைத்திருக்கிற தப்பான எண்ணங்களை ஒழிக்கப் புறப்பட்ட மனிதர், எங்களைப் பற்றி வைத்திருந்த எண்ணம் இது. கணிதத்தில் நான் யாழ்ப்பாணத்திலேயே கோட்டை விட்டு வந்தவன் என்று சொல்ல அவர் இடமே தரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன். மன்னாரில் கணித ஆசிரியையாக இருந்தவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“உங்களுக்குப் பின்னமே தெரியாது. ஆரை ஏமாத்தப் போறியள்? தள்ளுங்கோ, நான் போறன்.”

அப்படி அவள் ஆசிரியை ஆனாள். நான் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் சாரதி ஆனேன்.

முதல் சனிக்கிழமை காலை முழுவதும் கைகுலுக்கவே போய்விட்டது. கண்ணைப் பார், கையை இறுக்கு, பெயரைச் சொல். ஜெசிந்தா கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து களைத்துப்போனாள். அடுத்தது கதவு விதி. பத்து மணிக்குக் கதவைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவன் அப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான்.

“பிந்தி வாற கறுப்பனுக்கு உலகம் கதவு திறக்காது. நான் திறந்து பழக்கக்கூடாது,” என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெளியே பனியில் நின்ற பிள்ளைகளுக்கு நன்றாக இருந்திருக்காது.

அந்தக் கூட்டத்தில் வில்சன் என்று ஒருவன் இருந்தான். வில்லரே பகுதியில் இருந்த ஹெயிட்டிக் குடும்பம், தாய் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. விமானம் கட்டுகிற படிப்புப் படிக்க ஆசை. ஜெசிந்தா கேள்வியை எழுதி முடிக்குமுன்னமே விடை சொல்லுவான். வாயும் அதே வேகம். ரையை மட்டும் கட்டமாட்டான், சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பான்.

ஒருநாள் எழும்பிக் கேட்டான்: “ரை கட்டினா பொலிஸ்காரன் என்னை மறிக்கமாட்டானோ?”

பிள்ளைகள் எல்லோரும் ரை அண்ணையின் பக்கம் திரும்பினார்கள்.

“மறிப்பான்,” என்றார் ரை அண்ணை. “என்னையே மறிச்சிருக்கிறாங்கள், ரையோட.”

“பேந்து என்னத்துக்கு ரை?”

ரை அண்ணை தன் முடிச்சை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். “கூனாதையும். நேராய் இரும்,” என்றார்.

பதில் இல்லாத கேள்வி வந்தால் அவர் கேட்டவனின் முதுகைத்தான் பிடிப்பார்.

உதவித்தொகைக்கான நேர்முகம் பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. புறநகரான கர்க்லாண்டிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் சகோதரர்கள் நல்ல கோட்டுகளில் வந்து மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரவு முழுவதும் பனி கொட்டி, பஸ்கள் தாறுமாறாக ஓடின. நான் அள்ளிக்கொண்டு வந்தவர்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வில்சன் தானே பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தான். பத்து மணி. ரை அண்ணை கதவைப் பூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கதவுக் கண்ணாடிக்கு அப்பால் வில்சன் ஓடி வந்து நின்றான். தலையெல்லாம் பனி, முழங்கால்வரை ஈரம். கழுத்தில் ரை. முடிச்சு நேராக, நடுவில், அச்சடித்ததுபோல இருந்தது. அவன் ரை கட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவைத் தட்டினான்.

ரை அண்ணை அவனைப் பார்த்தார், முடிச்சையும் பார்த்தார். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“அந்தப் பிள்ளையை உள்ள விடுங்கோ!” ஜெசிந்தா தமிழிலேயே கத்தினாள். “சாவியைத் தாங்கோ! உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?”

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

“விதி எல்லாருக்கும் விதிதான்,” என்றார்.

அவள் அவருடைய கோட்டுப் பைக்குள் கைவிடப் போனபோது கண்ணாடிக்கு அப்பால் ஒருவரும் இல்லை. உதவித்தொகை வேறொரு பையனுக்குப் போனது. அவனும் நல்ல பையன்தான்.

அடுத்த சனிக்கிழமை வில்சன் வரவில்லை. ஜெசிந்தாவும் போகவில்லை. தொழிற்சாலையில் நான் ரை அண்ணையுடன் கதைப்பதை நிறுத்தினேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பிறகுதான் அவருடைய புது வேலை எங்களுக்குத் தெரியவந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கோட்டும் சூட்டுமாக வில்லரேக்குப் போய், வில்சன் வீட்டு மணியை அடிக்கிறாராம். வில்சன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “பிந்திட்டியள்,” என்று சொல்லிவிட்டுச் சாத்துகிறானாம். ரை அண்ணை கோபிப்பதில்லையாம். விதி விதிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அந்தக் குளிரில் படியிலேயே நிற்கிறாராம். அடுத்த நாளும் வருகிறாராம். கறுப்புச் சூட்டில் ஒருவர் தினமும் வந்து நிற்பதைப் பார்த்த அயலவர்கள், வீட்டில் யாராவது செத்துப்போனார்களா என்று வில்சனின் தாயிடம் விசாரித்தார்களாம். இந்த மனிதரின் பணிவுகூட மற்றவர்களுக்கு உபத்திரவமாகத்தான் இருந்தது.

வில்லரேயின் பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியில்தான் இருக்கும். வளைந்து இறங்குகிற இரும்புப் படி. பனி உறைந்தால் கண்ணாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெசிந்தாவின் தொலைபேசி அடித்தது.

“மிஸ், அவர் படியிலயிருந்து விழுந்திட்டார். வான் வேணும்.” வில்சன்தான்.

நானும் ஜெசிந்தாவும் போனபோது ரை அண்ணை கீழ்ப்படியில் சாய்ந்திருந்தார். வில்சனின் ஜாக்கெட் அவர்மேல் இருந்தது. வில்சன் வெறும் ரீசேட்டோடு அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தான். தாய் மேலே நின்று பிரெஞ்சில் கடவுளையும் ரை அண்ணையையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணுக்கால் இருந்த கோலத்தைப் பார்த்ததும் உடைந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

மொன்றியலில் அவசர சிகிச்சைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே அவசரம் நோயாளிக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் கதிரைகளில் நாங்கள் வரிசையாக இருந்தோம். நோவில் ரை அண்ணை முன்னால் சரிந்து சரிந்து போனார்.

“கூனாதையுங்கோ,” என்றான் வில்சன். “நேராய் இருங்கோ.”

நான் சிரிப்பை அடக்கினேன். ஜெசிந்தா அடக்கவில்லை. ரை அண்ணை முதுகை நிமிர்த்தினார். பிறகு, அந்த வாயிலிருந்து ஒருநாளும் வராது என்று நான் நினைத்திருந்த வசனம் வந்தது.

“கதவைத் திறந்திருக்க வேணும்.”

“ஓம்,” என்றான் வில்சன். “திறந்திருக்க வேணும்.”

ஆறுதலாக ஒரு சொல்கூட அவன் சேர்க்கவில்லை. அதற்காகவே அவனை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. ஆனால் தாதி வந்து பெயர் கூப்பிடும்வரை, தன் தோளை அவருக்குச் சாயக் கொடுத்தபடியே இருந்தான்.

அந்த வருடம் இரண்டு பேருக்கு உதவித்தொகை கிடைத்தது. விதியில் அதற்கு இடமில்லை என்று மற்றச் சகோதரர்கள் குதித்தார்களாம். “விதியை எழுதினது நான். வெட்டுறதும் நான்,” என்று ரை அண்ணை ஊன்றுகோலால் நிலத்தில் அடித்தாராம். திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். மாவுக்கட்டோடு வந்து, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டே எப்படிக் கைகுலுக்குவது என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் வகுப்பு எடுத்தார். மறுபடி போகத் தொடங்கியிருந்த ஜெசிந்தாவின் பாடம் அன்றும் நடக்கவில்லை. கதவு மட்டும் பூட்டாமல் சும்மா சாத்தியிருந்தது.

வில்சன் படிப்பை முடித்து, இப்போது விமானத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். எங்கள் தொழிற்சாலையை மூடினார்கள். ரை அண்ணை மகளோடு இருக்க அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். போகும்போதும் என் கையை நொறுக்கிவிட்டுத்தான் போனார்.

எனக்கு இப்போது கர்க்லாண்டில் வேலை. புது சுப்பர்வைசர் தங்கமான பொடியன். சிரித்துக் கதைப்பான், ஒருவருக்கும் புத்தி சொல்லமாட்டான். சனிக்கிழமை முழுவதும் எனக்கே சொந்தம். அன்று நானும் ஜெசிந்தாவும் தேநீரோடு எதிரெதிரே இருக்கிறோம். திட்டுவதற்கு ஆளில்லாமல் எங்களுக்குக் கதைக்கவே ஒன்றும் வருவதில்லை.