முக்கால் உயிர் விளக்கு

ஓர் உயிரின் விலை நூற்றெண்பது என்றார் சைக்கிள் கடைக்காரர். கண்ணாடிக்காரர் தொண்ணூறுக்குக் கேட்டார்.

"சார், இது பின்விளக்கு. கத்தரிக்காய் இல்ல. இருட்டுல பின்னாடி வர்றவனுக்கு, முன்னாடி நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு சொல்ற சமாச்சாரம். உயிருக்குப் போய் யாராவது பாதி விலை கேப்பாங்களா?"

"முழு உயிரெல்லாம் வேண்டாங்க. வீடு போய்ச் சேர்ற அளவுக்கு இருந்தாப் போதும்."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கை எடுத்து வைத்தார்.

"நூத்தியிருபது. இதுல முக்கால் உயிர் வரும்."

பேரம் படிந்தது. அறுபது மிச்சம் பிடித்த பூரிப்பில் கண்ணாடிக்காரர் சீட்டியடித்துக்கொண்டே விளக்கை இருக்கைக்குக் கீழே மாட்டினார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த உலகத்தில் அவர் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது முந்தின நாள் மாலைதான் அவருக்குத் தெரிந்தது. குளிர்காலமாதலால் கடை மூடும்போதே நன்றாக இருட்டிவிடும். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை, கறுப்புச் சைக்கிள். கிடங்குத் திருப்பத்தில் பின்னாலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கார் அவருடைய கோட்டுக் கையை உரசிவிட்டுப் போக, அவர் பக்கத்துப் புதரில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

கார் கொஞ்ச தூரத்தில் குலுங்கி நின்றது. அவர் எழுந்து, இலைகளைத் தட்டிவிட்டு, அதை ஓட்டியவரின் வளர்ப்பைப் பற்றி உரத்த குரலில் நாலு வார்த்தை சொன்னார். குரலைக் கேட்டதும் கார் இரண்டு தடவை விக்கல் எடுத்து, விழுந்தடித்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

அவருடைய வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரோடு கைகுலுக்கலாம். அன்றைக்கு அவர் வந்து வெகுநேரம் கழித்துத்தான் மனைவி தையல் வகுப்பிலிருந்து வந்தாள். முகமெல்லாம் வெளிறியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அடி கிடி ஏதாவது பட்டுச்சாங்க?"

அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. கோட்டில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். கட்டியவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"எவனோ ஒருத்தன், கண்ணைப் பிடரியில வச்சுக்கிட்டு ஓட்டுறான். அவனை நம்பி எந்த மடையன் வண்டியைக் குடுத்தான்னு தெரியல."

"பாவம், புதுசாக் கத்துக்கிறவங்களா இருக்கும். பதற்றமா இருக்காதா? நீங்களும்தான் தலையிலேர்ந்து கால்வரைக்கும் கரியைப் பூசின மாதிரி போறீங்க. மனுஷன்னு எப்படித் தெரியும்?"

"நீ எனக்குப் பொண்டாட்டியா, அவனுக்கு வக்கீலா?"

"நான் சொல்றதைக் கேளுங்க. வியாழக்கிழமைக்குள்ள நீங்க ரோட்டுல பளிச்சுன்னு தெரியணும். இல்லேன்னா சைக்கிள் எங்க அண்ணன் வீட்டுக் கொட்டகைக்குப் போயிடும். நீங்க எங்க அண்ணன் கார்ல போய் வந்துக்கிட்டு இருங்க."

"அதென்ன வியாழக்கிழமை கணக்கு?"

"வெள்ளிக்கிழமை எனக்குத் தையல் பரீட்சை. அந்தக் கவலையோட இந்தக் கவலையையும் சேர்த்துச் சுமக்க என்னால முடியாது."

தையலுக்குப் பரீட்சை வைப்பார்களா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அண்ணன் கார் என்ற சொல்லிலேயே அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. மைத்துனர் காரில் பயணம் இலவசம்தான். கூலியைக் காதால் கட்ட வேண்டும். ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தன் சிறுநீரகக் கல்லின் சரித்திரத்தை ஆரம்பிப்பார். கல் கரைவதற்குள் கடை வந்துவிடும், மிச்சம் சாயங்காலம். சைக்கிளிலோ, போக அரை மணி, வர அரை மணி, கண்ணாடிக்காரர் எந்த முதலாளிக்கும் ஆளில்லை, எந்த மைத்துனருக்கும் மாப்பிள்ளை இல்லை. காற்று, சீட்டி, அவர். அவ்வளவுதான் அவருடைய சொத்து. அதைக் காப்பாற்றத்தான் அந்த முக்கால் உயிர் விளக்கு.

அதை மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள் மாலையே மனைவி சொன்னாள்.

"விளக்கென்னவோ எரியுது. ஆனா உங்க கோட்டு வால் அதுமேல படுதா கட்டியிருக்கே. பின்னாடியிருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல."

"நீ எங்கேயிருந்து பார்த்தே?"

"ஜன்னல்லேர்ந்துதான்! வேற எங்கேயிருந்து பார்ப்பாங்க? வாங்க கடைக்கு."

இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் பேரத்துக்கு உட்கார்ந்தால் வியாபாரிகள் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் சொல்லி அழுவார்கள். அவள் அதிலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்புவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை ஒன்றையும், கணுக்காலில் கட்டும் மினுக்குப் பட்டைகளையும், நல்ல பின்விளக்கு ஒன்றையும் எடுத்து வைத்து, கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தாள்.

கடைக்காரரே ஆடிப்போய்விட்டார்.

"அம்மா, நீங்க குறைச்சுக் கேப்பீங்கன்னு ஏத்திச் சொன்னேம்மா."

"பரவாயில்ல, வச்சுக்குங்க. இவர் தெரிஞ்சாப் போதும்."

கண்ணாடிக்காரர் மஞ்சள் சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டார். பேரம் பேசாத அன்பை அவர் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் மஞ்சள் சட்டையோடு கிளம்பினார். தெரிந்தார், நன்றாகவே தெரிந்தார். ஆனால் சைக்கிளில் போகும் மனிதராகத் தெரியவில்லை. சாலை போடும் ஆளாகத் தெரிந்தார். ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து, "பாலம் எப்பண்ணே திறப்பீங்க?" என்று கேட்டார். ஓர் அம்மாள் தன் வீட்டு வாசலில் இருக்கும் பள்ளத்துக்கு அவரைப் பொறுப்பாக்கி, அடுத்த விளக்குக் கம்பம் வரை திட்டிக்கொண்டே கூட நடந்தாள்.

இதெல்லாம் சில்லறை. மாலையில்தான் மொத்த வியாபாரம் நடந்தது.

தன் சந்துக்குள் திரும்புவதற்காக, சட்டம் சொல்கிறபடி, வலது கையை நீட்டிக் காட்டினார் கண்ணாடிக்காரர். பின்னால் வந்த கார், மஞ்சள் சட்டைக்காரர் வழி மாற்றிவிடுகிறார் என்று நினைத்து அவர் பின்னாலேயே திரும்பியது. அதற்குப் பின்னால் வந்த வேன், கார் திரும்புகிறதே என்று திரும்பியது. அப்புறம் ஒரு லாரி. அப்புறம் இன்னும் சில. அவர் வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, முட்டுச்சந்து முழுக்க வண்டிகள் வால் பிடித்து நின்றன. எல்லாரும் அவரைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள்.

முதல் காரிலிருந்து இறங்கியவர் மைத்துனர்.

"யோவ், எந்தப் பக்கம்யா... அட, மாப்ளே! நீங்களா?"

"மச்சான், நீங்க ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?"

"நீங்கதானே கையைக் காட்டினீங்க!"

"அது நான் திரும்புறதுக்கு!"

"நான் எங்க போறதுக்கு?"

கடைசியில் நின்ற வண்டி வெளியேறினால்தான் மற்றவை நகர முடியும். கடைசி வண்டியோ தலையில் பலகை கட்டிய ஒரு வெள்ளைக் கார். அதன் முகவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே யாரென்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு தடித்த மனிதர் மட்டும் இறங்கிப் பின்னால் ஓடி, "ஸ்டியரிங்கை ஒடிங்க, ஒடிங்க, இப்ப நேராக்குங்க, ஐயோ, அது நேர் இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கார் ஒரு முறை சுவரைப் பார்த்தது, ஒரு முறை ஆகாயத்தைப் பார்த்தது, முனையிலிருந்த தபால் பெட்டியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிச் சாய்த்துவிட்டு, ஒரு வழியாக வெளியே போயிற்று.

எல்லாம் கலைந்த பிறகு மனைவி வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தாள்.

"இன்னைக்கு வகுப்புல ரொம்ப வேலைங்க," என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்ன தைச்சீங்க?"

"வளைவு. பின்னாடியிருந்து முன்னாடி."

மைத்துனர் கிளம்பும்போது சைக்கிளின் இருக்கையைத் தட்டிக்கொடுத்தார். "கொட்டகையைக் கழுவி வச்சுட்டேன் மாப்ளே. கல்லைப் பத்தி டாக்டர் புதுசா ஒண்ணு சொல்லியிருக்கார், போகும்போது பேசிக்கலாம்."

கண்ணாடிக்காரர் மறுநாள் காலையே சைக்கிள் கடையில் நின்றார்.

"ரோடு போடறவன்னு நினைக்கிறாங்கய்யா!"

"சைக்கிள்காரர்னு தெரியணும்னா சக்கரம் தெரியணும் சார்," என்று கடைக்காரர் இரண்டு சக்கரக் கம்பிகளிலும் பச்சை விளக்குச் சரத்தைச் சுற்றிவிட்டார். "முகம் தெரியணும்னா தலையில ஒண்ணு போட்டுக்கணும்." தலைக்கவசத்தின் நெற்றியில் ஒரு விளக்கு ஏறியது. இந்தத் தடவை கண்ணாடிக்காரரும் பேரம் பேசவில்லை. பயத்துக்கும் பேரம் பேசத் தெரியாது.

நெற்றி விளக்கில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் யாரைப் பார்த்தாலும் அவர்களால் எதையும் பார்க்க முடியவில்லை. நடந்துபோனவர்கள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். எதிரே வந்த பேருந்து ஓரங்கட்டி நின்று வழிவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டிருந்த முதலாளியை மரியாதையாகத் திரும்பிப் பார்த்து, "வரேங்க ஐயா," என்றார். முதலாளி, "ஐயோ, ரயிலு!" என்று துள்ளினார். சாவிக்கொத்து சாக்கடைக்குள் போயிற்று. அதைத் தேடி எடுக்க அதே நெற்றி விளக்குதான் உதவியது என்றாலும், முதலாளி அதை வரவில் வைக்கவில்லை.

"நாளையிலேர்ந்து சொல்லிக்காமலே போய்க்கோ," என்றார் நனைந்த கையை உதறிக்கொண்டு.

இப்படியாக வியாழக்கிழமை வந்தது.

அன்று மாலை கண்ணாடிக்காரர் நகரும் பொருட்காட்சி மாதிரி புறப்பட்டார். நெற்றியில் வெள்ளை, உடம்பில் மஞ்சள், சக்கரத்தில் பச்சை, பின்னால் சிவப்பு, கணுக்காலில் மினுக்கு. இன்றைக்கு ஒரு வில்லங்கமும் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் சைக்கிள் தப்பித்தது. கையை நீட்டும்போதுகூட, "நான் மட்டும், நான் மட்டும்," என்று உரக்கச் சொல்லிக்கொண்டார்.

பாதி வழியில் பின்னால் ஒரு கார் வருவது தெரிந்தது. அது அவரைத் தாண்டிப் போகவில்லை. அவர் மெதுவாகப் போனால் மெதுவாக வந்தது. வேகமாக மிதித்தால் வேகமாக வந்தது. ஓரமாக ஒதுங்கி, போ போ என்று கைகாட்டினார். அதுவும் ஓரமாக ஒதுங்கியது.

அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் தன்னைக் கண்ணெடுக்காமல் பார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

கிடங்குத் திருப்பத்தில் நிதானமாக நின்று, யார்தான் அந்த நல்ல மனிதர் என்று திரும்பிப் பார்த்தார். நெற்றி வெளிச்சம் நேராகக் காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. கார் ஒரு வீறலோடு அவரை விட்டு விலகி, கிடங்கு வாசலில் இருந்த இரண்டு குப்பைத் தொட்டிகளை உருட்டித் தள்ளிவிட்டு, அந்தப் பழைய புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. இரண்டு தடவை விக்கல் எடுத்தது.

வெள்ளைக் கார். அதே விக்கல்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு வாரக் கோபமும் ஒன்றாகத் தலைக்கேறியது. சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய் நின்றார். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணையே கூசவைத்ததால் உள்ளே இருந்தவர் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன?

"ஏய்யா! இதுக்கு மேல நான் என்னத்தைய்யா மாட்டிக்கிறது? சூரியனைத்தான் மாட்டணும்! என் பொண்டாட்டி பேரமே பேசாம காசைக் கொட்டி வாங்கிக் குடுத்திருக்காய்யா. அவளுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி உனக்கு இருந்தா நீ வண்டியைத் தொடுவியா? உனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கிறவன் யாருய்யா?"

பக்கத்துக் கதவு திறந்தது. தடித்த மனிதர் இறங்கினார். இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

"நான்தான் சார் கத்துக்குடுக்கிறவன். முதல்ல அந்த நெத்தி விளக்கை அணைங்க."

கண்ணாடிக்காரர் அணைத்தார். காருக்குள் ஸ்டியரிங்கின்மேல் ஒரு தலை கவிழ்ந்திருந்தது.

தடித்த மனிதர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பரீட்சை, அதனால கணக்கை இப்பவே சொல்லிடறேன் சார். இந்த வாரம் உங்க சம்சாரம் இடிச்சது தபால் பெட்டி ஒண்ணு, குப்பைத் தொட்டி ரெண்டு, புருஷன் ஒண்ணு. இதுல விளக்கு மாட்டிவிட்டது உங்களுக்கு மட்டும்தான், மத்ததெல்லாம் இன்னும் பாக்கி."