அரை வினாடித் தாமதம்

தலைநகர் அசுன்சியோன் பதிவுத் துறைக்கும் அதன் கிளைகளுக்கும் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்த திங்கட்கிழமையிலிருந்து, பராகுவேயில் யாருக்கும் சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை.

தேவாலயத்தில் ஆனது, விருந்தும் நடந்தது. சான்றிதழில் மட்டும் முத்திரை விழவில்லை. காகிதம் வருவதற்குள் முத்திரை இயந்திரம் காற்றில் ஒரு குத்து விட்டு ஓய்ந்துவிடும். காகிதம் பின்னால் வெறுமனே வந்து சேரும்.

காரணம் கண்டறியுமாறு மென்பொருள் பிரிவைச் சேர்ந்த நெலிதா கந்தேரோ பணிக்கப்பட்டாள். இயந்திரத்தை இயக்கும் நிரலைப் படித்துப் பார்த்தாள். காகிதத்தை இழு, ஐந்து கோடி வரை எண்ணு, பிறகு குத்து என்று எப்போதோ யாரோ எழுதியிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகி எண்ணி முடிப்பதற்குள் காகிதம் வந்துவிடும். புதியதோ கண் இமைப்பதற்குள் எண்ணிவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை வினாடி பொறு என்று ஒரு வரி எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் சரியாக நடக்கும். அப்படியே எழுதி, "அரை வினாடி தாமதம் தேவை" என்று இயக்குநருக்குக் குறிப்பு அனுப்பினாள்.

அது அரசு அறிவித்த தாமதமற்ற ஆண்டு. இயக்குநர் தோன் எலாதியோவின் சட்டையில் அதற்கான வில்லை மின்னியது. தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கேட்டார்.

"தாமதத்துக்கு நானே கையெழுத்துப் போடணுமா, இஞ்சினியரம்மா? பாதியாக் குறையுங்க."

"குறைச்சா பாதி முத்திரைதான் சார் விழும்."

"சரி, பாதிக் கல்யாணமாவது ஆகுமில்ல?"

கடைசியில், எண்ணுவது உழைப்பு, காத்திருப்பது சோம்பல் என்று சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளையும் தன் கம்ப்யூட்டரின் தகுதிக்கேற்ப எண்ணிக்கையை உயர்த்திக்கொள்ளலாம். என்கார்னசியோன் கிளைத் தலைவர், தலைநகருக்குத் தான் சளைத்தவரில்லை என்று ஐயாயிரம் கோடி வைத்தார். காகிதம் வந்து, விழுந்து, குமாஸ்தா அங்கே தன் சீபா ரொட்டியை வைத்த பிறகு முத்திரை இறங்கியது. சட்டப்படி அந்த ரொட்டிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம் சுனில்தா என்ற புதுப்பெண் கவுன்டரில் வந்து நின்றாள். முத்திரையைக் காட்டும்வரை மாப்பிள்ளையை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாளாம் அம்மா. அவன் முற்றத்து வலை ஊஞ்சலில் கிடக்கிறான்.

"நேத்து மழை அக்கா," என்றாள்.

நெலிதாவுக்கு மனசு கேட்கவில்லை. அதே வரியை அதே குறிப்பில் வைத்து, "முத்திரையிடலை விரைவுபடுத்தும் நவீன ஏற்பாடு" என்று தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பினாள். இயக்குநர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

அன்றே எல்லா ஊரிலும் முத்திரை அச்சுப்போல் விழுந்தது. அரை நிமிடத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. வாங்கியவர்கள் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு சீக்கிரம் வந்தது அரசாங்கக் காகிதமாக இருக்குமா? உண்மைதான் என்று சான்று வாங்க நோட்டரி வாசலில் வரிசை கட்டினார்கள். முதல் ஆள் சுனில்தாவின் அம்மா.

நெலிதா இருக்கைக்குத் திரும்பி, அரை வினாடியைத் தொடாமல், காகிதத்தை இழுப்பதற்கு முன் இருபது நிமிடம் பொறு என்று மேலே ஒரு வரி சேர்த்தாள்.

புகார்கள் நின்றன. நோட்டரி வாசல் காலியானது. சுனில்தாவின் மாப்பிள்ளை வீட்டுக்குள் படுத்தான். தாமதமற்ற ஆண்டின் விருது தோன் எலாதியோவுக்குக் கிடைத்தது. இன்றுவரை நாட்டின் எந்தக் கிளையிலும், எந்தக் கம்ப்யூட்டரிலும், வினாடி பிசகாமல் இருபது நிமிடம்தான்.