உங்கள் தம்பிக்கு மஞ்சள் பிடிக்குமாம்

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலி படி ஏறும் அளவுக்காவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. உங்கள் தம்பி நலமாகத்தான் இருக்கிறார். இவ்வளவு நடந்த பிறகும் ஒரு மனுஷன் இப்படி நலமாக இருக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் நடுவில் "விடும்மா, அவன் அப்படித்தான்" என்று சொல்லிவிடுவீர்கள். கடிதத்துக்கு நடுவில் நீங்கள் பேச முடியாது.

எங்கள் குடியிருப்பில் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியவர் எங்கள் சங்கச் செயலாளர். அவருக்கு இங்கே மைக் என்றுதான் பெயர். தண்ணீர் வராது என்று சொல்லக்கூட மைக்கைப் பிடித்துத்தான் சொல்வார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறோமாம், அதனால் ஒவ்வொருவரும் எழுந்து தனக்குப் பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, தன்னிடம் இருக்கிற ஒரு விசித்திரமான பழக்கம், தன் வாழ்க்கை லட்சியம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம். ஊர் வம்பை இப்படி மைக் வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுந்து, எங்கள் வீட்டில் எல்லாம் நீலம்தான், அவருக்கு நீலம் என்றால் உயிர் என்று சொன்னேன். சாப்பாடு முட்டைக்கோஸ், அவருக்குப் பிடிக்கும் என்பதால் வாரம் தவறாமல் செய்வேன் என்று சொன்னேன். விசித்திரப் பழக்கம், கதவைப் பூட்டினோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன், அதுவும் அவர் மறந்துவிடுவார் என்பதால்தான் என்று சொன்னேன். லட்சியம் என்று கேட்டதற்கு, "எனக்குன்னு தனியா என்னங்க, அவர் நல்லா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள் அண்ணி. எதிர்வீட்டு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் மைக் உங்கள் தம்பியிடம் போனது.

உங்கள் தம்பி வீட்டில் எவ்வளவு பேசுவார் என்று உங்களுக்கே தெரியும். சரி, இல்லை, அப்புறம் பார்க்கலாம். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்க்கிறார், பேச்சு மறந்துபோயிருக்கும் பாவம் என்று இத்தனை வருஷம் நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் மைக்கை வாங்கி, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மடை திறந்த மாதிரி பேசினார். தனக்குப் பிடித்த நிறம் மஞ்சளாம். பிடித்த சாப்பாடு வெறும் ரொட்டியில் சர்க்கரை தூவி, பக்கத்தில் யாரும் இல்லாமல், நின்றுகொண்டே சாப்பிடுவதாம். விசித்திரப் பழக்கம், வேலை முடிந்து வந்ததும் மணி அடிக்காமல் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாராம். அப்புறம் லட்சியம். அதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து மேலயும் கீழயும்தாங்க போய்க்கிட்டிருக்கேன். ஒரு தடவையாவது ஒரு ரயில ஓட்டிக்கிட்டு நேரா போகணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். செயலாளர் மைக் மட்டும் சும்மா இராமல், "மேடம் நீலம்னு சொன்னாங்களே" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே அந்த நாற்காலி அப்படியே தரைக்குள் போய்விடாதா என்று இருந்தது.

இப்போது நான் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் துணிக்கடையில் என் பக்கத்தில் நின்று, "அவனுக்கு நீலம்னா போதும், வேற எதையும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்று சொன்னது யார்? நீங்கள்தானே. அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் திரைச்சீலை நீலம், படுக்கை விரிப்பு நீலம், குளியலறை வாளி நீலம் என்று வாங்கி வாங்கி, வீட்டுக்கு வருகிறவர்கள் நீச்சல் குளத்தில் இறங்குகிற மாதிரி காலை மெதுவாக வைத்து வருகிறார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்கா சொன்னா, சரின்னுட்டேன். அப்புறம் நீ கேக்கல" என்கிறார். மகளைக் கூப்பிட்டுச் சொன்னால் அவள் போனிலேயே சிரிக்கிறாள். அப்பாவுக்கு மஞ்சள் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரியுமாம், வண்ணப் பென்சில் பெட்டியில் அதை மட்டும் அவர்தான் எடுத்துச் சீவித் தருவாராம். இந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் காலையிலேயே ஒரு டின் மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்து, கூடத்துச் சுவரில் நானே அடித்தேன். ஏணியில் நின்று மேலே எட்டும்போது டின் சரிந்து பாதி சோபாவில் கொட்டியது. துடைக்கப் போய் நீல சோபாவில் பச்சைப் பச்சையாக ஒரு தேசப்படம் வந்துவிட்டது. தலைமுடியில் பெயின்ட், செருப்பில் பெயின்ட், பூனை மாதிரி வீடு முழுக்க என் கால்தடம். சாயங்காலம் வந்தவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்றார். இதுதானே உங்களுக்குப் பிடித்த மஞ்சள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னுது இன்னும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும்" என்றார். அண்ணி, கையில் இருந்த பிரஷை நான் கீழேதான் வைத்தேன். வேறு எவளாவது இருந்தால் வைத்திருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. மேஜையில் ஒரு ரொட்டிப் பாக்கெட், ஒரு சர்க்கரை டப்பா. நாற்காலியை எல்லாம் உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டேன், நின்றுகொண்டே சாப்பிடட்டும் என்று. அவருக்கு அது தண்டனை என்று உறைக்கவே இல்லை. முகமெல்லாம் மலர்ந்து சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போகிறார். கால் கடுக்க நின்றவள் நான்தான்.

இந்தக் கோபத்தோடு மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போனேன். பிரேம் வாங்க ஒரு ஆளும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் "எதுவா இருந்தாலும் சரி" என்கிறார். அந்த அம்மா பாவம், இதுவா அதுவா என்று அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிக்கிறாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. உங்களுக்கு வாய் இல்லையா, பிடித்ததைச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள், நாளைக்கு ஊர்முன்னால் எழுந்து நின்று வேறு நிறம் சொல்லி இந்த அம்மா மானத்தை வாங்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நன்றி என்றாள். கடை முதலாளி உள்ளே கூப்பிட்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்.

சீக்கிரம் வீட்டுக்கு வந்ததால்தான் அந்தக் கூத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, நடந்து வருகிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல எழுந்துபோய்க் கதவுத் துளை வழியாகப் பார்த்தால், உங்கள் தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, எங்கள் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நர்ஸ் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். அவளுக்கு இது தினமும் நடக்கிற காரியம் போல.

"இன்னிக்கு எப்படி சார்?" என்று கேட்கிறாள்.

"சத்தமே இல்லம்மா. அதான் பயமா இருக்கு."

நான் கதவை வெடுக்கென்று திறந்தேன். சாய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே உள்ளே வந்து விழுந்தார். பையிலிருந்து ஒரு பெரிய ஸ்பேனர் நேராக என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நர்ஸ்தான் ஓடி வந்து கட்டுப் போட்டாள், அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டுக் கோணலாகிவிட்டது. அவள் போன பிறகு, என் வீட்டு வாசலில் எதை ஒட்டுக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். எந்த லிஃப்டையும் திறப்பதற்கு முன்னால் வெளியே நின்று சத்தம் கேட்பார்களாம், எங்கே கோளாறு என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். அதேபோல் நான் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்து, உள்ளே போகலாமா, இன்னொரு சுற்று நடந்துவிட்டு வரலாமா என்று முடிவு செய்வாராம். நான் என்ன லிஃப்டா என்று கேட்டேன். "லிஃப்ட்னா எப்படிச் சரி பண்ணணும்னு புத்தகம் தருவாங்க" என்கிறார். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, என்னை விடு. உனக்கு என்ன பிடிக்கும்?"

அண்ணி, என் வாயில் வார்த்தை வரவில்லை. நிறம் வரவில்லை, சாப்பாடு வரவில்லை, எதுவுமே வரவில்லை. கடையில் நாள் முழுக்க இது பிடிக்கிறதா அது பிடிக்கிறதா என்று ஊரையே கேட்கிறவள் நான். அவரோ பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். வலித்தது காலா வேறேதாவதா என்று தெரியவில்லை. ஊர்முன்னால் தலைகுனிந்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

மறுநாள் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் அதே யோசனை. கடைசி வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், காற்று அடிக்கிறது, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இதுதான் எனக்குப் பிடிக்கும் என்று. கால் வலியோடு நொண்டி நொண்டித் திரும்பி நடந்தாலும் மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக, எனக்கு பஸ்ஸில் கடைசி ஜன்னல் சீட்டு பிடிக்கும், குறித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"தெரியுமே" என்றார்.

எப்படித் தெரியும் என்றேன். அந்த சீட்டில் ஆள் இருந்தால் கூட்டமாக இருக்கிறது என்று பொய் சொல்லி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேனாம். ரொட்டியில் ஓரத் துண்டுதான் எனக்குப் பிடிக்குமாம், அதனால்தான் அவர் நடுத்துண்டாக எடுப்பாராம். மழை வரும்போது துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடியில் நனைந்துகொண்டு நிற்பேனாம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகையா கோபமா என்றே தெரியாத ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். "உனக்குப் பிடிச்சத உங்கிட்டயே வந்து சொல்லணுமா?" என்றார்.

இதை எப்படி அண்ணி மன்னிப்பது? என்னை ஏமாற்றியிருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன். இவரோ என்னை முழுசாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி எனக்கு ஒரு வரிகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கும் இப்போது ஒரு லட்சியம் வந்துவிட்டது. உங்கள் தம்பியை நடுநாற்காலியில் உட்கார வைத்து, அந்த மைக்கை நான் பிடித்துக்கொண்டு, நான் மட்டும் பேச வேண்டும். அதற்கு நீங்கள் நேரில் வர வேண்டும். நீலம் என்று சொன்னது உங்கள் வாய்தான் என்பதால் கூட்டத்தில் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதம் கண்டவுடன் கிளம்பவும். நீங்கள் வரும்வரை அவரோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடுங்கள். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், மனசில் உள்ளதை வாய்விட்டுச் சொல்கிறவர்களோடு நெடுங்காலம் வாழ வேண்டும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு என்று தெரிந்துகொண்ட,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: அண்ணி, நீங்கள் வர வேண்டாம். நான் கடித உறை வாங்கக் கீழே போன நேரத்தில் மேஜையில் கிடந்த இதை அவர் எடுத்துப் படித்துவிட்டார். நான் வந்து பார்க்கும்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. இதில் என்ன சிரிப்பு என்று அதட்டினேன். "என்னைப் பத்தி யாரும் இவ்வளவு எழுதினதில்ல" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், எவ்வளவு கேட்டும் திருப்பித் தரவில்லை. கடைசியில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். உங்கள் கையில் இருப்பது அதுதான். இந்தப் பின்குறிப்பையும் படித்துவிட்டு, சமையலறையில் சிரித்ததைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.